மைனஸிலேயே நின்ற கேமரா

சாஃப்தாவைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் அவள் வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். அப்புறம் அவள் ஆடுகளைப் பற்றி. கேமரா மூன்றாவதாகத்தான் வரும். நான் அந்த வரிசையை மாற்றப் போகிறேன். இருபத்தாறு வருஷமாக இந்த ஊர்த் தபாலாபீஸில் உட்கார்ந்திருப்பவள் நான், ஒத்தில்யா. ஊரிலேயே கம்ப்யூட்டரும் இணைய இணைப்பும் இருக்கிற ஒரே மேஜை என்னுடையது. அதனால் அந்த மூன்று நாளில் நடந்தது எல்லாமே என் மூக்குக்கு முன்னால்தான் நடந்தது.

கேமரா அவள் புருஷன் தோவாதர் கொண்டுவந்தது. இத்தாலியில் கட்டட வேலைக்குப் போனவன் ஒரு கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, வெள்ளி நிறத்தில் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒன்றை அவள் கையில் வைத்தான். மேலே ஒரு சின்னச் சக்கரம். அதைப் பச்சைக் குறியில் நிறுத்தி, "இதைத் தொடாதே. பச்சையில இருந்தா எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறிவிட்டான். அவளும் இரண்டு வருஷம் தொடவில்லை. ஞானஸ்நானம், பிறந்தநாள், பள்ளிக்கூட விழா எல்லாவற்றுக்கும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். ஒரே ஒரு தடவைதான் கெட்ட பேர். போன ஜனவரியில் கோவில் மணியடிக்கும் கிழவரை அடக்கம் செய்த அன்று முழங்கால் அளவு பனி. படத்தில் அந்தப் பனியெல்லாம் அடுப்புச் சாம்பலைக் கொட்டிப் பரப்பினதுபோல் வந்திருந்தது. கிழவரின் மகள் படங்களை வாங்கவே மாட்டேன் என்றுவிட்டாள். "செத்தவருக்கு வெள்ளைப் பனிகூடக் கொடுக்க மாட்டியா?" என்று கேட்டாள். சாஃப்தா திருப்பிச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

இப்போது ஆடுகள். எங்கள் பக்கத்துக் கராகுல் ஆட்டில் இரண்டு நிறம் உண்டு, கறுப்பும் சாம்பலும். சாம்பலுக்கு எங்கள் பேச்சில் உறைபனி நிறம் என்று பேர், குட்டித் தோலில் தொப்பி தைக்கிறவர்கள் அதற்குத்தான் அடித்துக்கொள்வார்கள். ஆனால் சாம்பல் பெட்டையைக் கறுப்புக் கிடாவோடுதான் சேர்க்க வேண்டும். இரண்டும் சாம்பலாகப் போனால் பிறக்கிற குட்டிகளில் நாலில் ஒன்று தங்காது. பிறக்கும்போது நன்றாகத்தான் இருக்கும், துள்ளும், பால் குடிக்கும். பால் மறந்து புல்லில் வாய் வைக்கிற வாரத்தில் வயிறு ஊதி, நின்ற இடத்திலேயே இளைத்துச் சாகும். ஏன் என்பது மிருக டாக்டர்களுக்குத் தெரியும். எங்களுக்கு அது சாகும் என்பது மட்டும் தெரியும்.

சாஃப்தாவுக்கு அது மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளிடம் கிடா இல்லாமல் போய், பக்கத்துக் கொட்டகை சம்ஃபீரிடம் ஒரு கறுப்புக் கிடாவை இரவல் வாங்கினாள். அது கறுப்பு இல்லை. கருஞ்சாம்பல். அடுத்த கோடையில் பதினோரு குட்டிகளைக் குழி தோண்டிப் புதைத்தாள். சம்ஃபீர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. அவரைக் கண்டால் எனக்கும் பற்றிக்கொண்டு வரும். பென்ஷன் வாங்க வந்தால்கூட முகத்தைப் பார்க்காமல்தான் கையெழுத்து வாங்குவேன்.

அதற்கப்புறம் அவள் எங்கோ அலைந்து ஒரு நல்ல கறுப்புக் கிடா பிடித்தாள். தெச்சூனே என்று பேர் வைத்தாள், கரிக்கட்டை என்று அர்த்தம். அந்தக் கரிக்கட்டை இந்தக் கிறிஸ்துமஸுக்கு முன்னால் கிழடு தட்டிச் செத்துப்போனது. விட்டுப்போன வாரிசாக மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் ஒரே ஒரு கறுப்புக் கிடாக்குட்டி பிறந்தது. மற்றதெல்லாம் பெட்டை, இல்லாவிட்டால் சாம்பல் கிடா. அவளுடைய முப்பது சாம்பல் பெட்டைகளுக்கும் இனி அந்த ஒரு குட்டிதான்.

குட்டிக்கு நிறம் எழுதுவது பதிவு அலுவலகத்து பிரிகோப் சாருடைய வேலை. மூன்றாம் நாளுக்குள் எழுதிவிட வேண்டும், அதற்குமேல் ரோமத்தின் சுருள் விரிந்துவிடும். கிடாக்குட்டி கறுப்பு என்று ஏறினால் மந்தையில் தங்கும். சாம்பல் என்று ஏறினால் சாம்பல் மந்தையில் அதற்கு இடம் கிடையாது, வியாழக்கிழமை இரண்டு மணிக்கு வருகிற வேனில் ஏற வேண்டியதுதான். அதை எங்கள் ஊரில் "தொப்பிக்குப் போச்சு" என்பார்கள். மீறி வைத்துக்கொண்டால் மந்தையே பதிவிலிருந்து போய்விடும். இந்த வருஷம் பார்த்து பிரிகோப் சார் சொந்த வீட்டு வாசற்படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டோடு ஜில்லாத் தலைநகரமான பொடோஷானியில் உட்கார்ந்துகொண்டு, போட்டோ எடுத்து அனுப்புங்கள், வியாழன் பன்னிரண்டு மணிக்குப் பதிவை மூடுவேன் என்று எல்லா ஊருக்கும் சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை சாஃப்தா படத்தோடு வந்தாள். குட்டி படம் முழுக்க நிறைந்திருந்தது. அனுப்பினேன். அரைமணியில் போன் வந்தது.

"சாம்பல்" என்றார் பிரிகோப்.

சாஃப்தா ரிசீவரை என்னிடமிருந்து பிடுங்கினாள். "சார், கறுப்பு சார். கால் உடைஞ்சா கண்ணுமா போகும்?"

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. நீ அனுப்பினதுல சாம்பலாத்தான் இருக்கு."

நான் திரையைத் திருப்பிப் பார்த்தேன். உண்மைதான். முந்தின நாள் என் கையால் தடவின குட்டி. கரி மாதிரி இருந்தது. திரையில் அது புகை நிறத்தில் நின்றது. வைக்கோல் வெளுத்துப் பளீரென்று கண்ணைக் குத்தியது. சாஃப்தாவின் வாய் அடைத்துப்போனதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கேமராவோடு வந்த புத்தகத்தை எடுத்து வந்தாள். முழுக்க இத்தாலிய மொழி. இத்தாலியத் தொடர் நாலு பார்த்திருக்கிற மிதப்பில் நான் படிக்க உட்கார்ந்தேன். எங்கள் மொழிக்கும் அதற்கும் பங்காளி உறவு, பாதி வார்த்தை புரிந்த மாதிரியே இருக்கும். பச்சைக் குறியில் இருந்தால் எதையும் மாற்ற முடியாது, பி என்ற எழுத்துக்குத் திருப்பினால் ஒரு கூட்டல் கழித்தல் பட்டன் வேலை செய்யும் என்று கண்டுபிடித்தேன். அடுத்த வரியில் 'நேவே' என்று போட்டு, பக்கத்தில் கூட்டல் குறி. எங்கள் மொழியில் கறுப்புக்கு 'நேக்ரு'.

"பாரு, கறுப்புக்குப் பிளஸ் வைக்கணுமாம்" என்றேன்.

வைத்தாள். குட்டி இன்னும் வெளுத்து, மாவில் புரண்ட மாதிரி வந்தது. பிரிகோப் போனில் சிரித்தார். "ஏம்மா, நாளைக்குள்ள இது வெள்ளாடா மாறிடுமா?"

அன்று சாயங்காலம்வரை அவள் என் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கேமராவையே முறைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போ என்றால் போகவில்லை. ஆபீஸைப் பூட்டுகிற நேரத்தில் சொன்னாள்:

"அக்கா, அன்னைக்கு அடக்கத்துல பனி வெள்ளை. படத்துல சாம்பல். என் குட்டி கறுப்பு. படத்துல அதுவும் சாம்பல். இந்தச் சனியனுக்கு உலகத்துல ஒரே நிறந்தான் தெரியும்போல. எதிர எது நின்னாலும் நடுவுல இழுத்துக்கிட்டு வந்துடுது."

"அப்ப புத்தகத்துல பிளஸ்ஸுன்னு..."

"அது கறுப்பு இல்லக்கா. கிறிஸ்துமஸ் பாட்டுல பனிய 'நேயா'ன்னு பாடறோமே. 'நேவே'ன்னா பனி. பனிய அது இருட்டாக்கும், அதனால பிளஸ். கறுப்ப வெளுக்கும், அதனால மைனஸ். நீ படிச்சுக் கிழிச்ச இத்தாலிக்கு நான் ஒரு நாள் தெண்டம் கட்டினேன்."

புதன்கிழமை காலையில் கழித்தலில் மூன்று புள்ளி இறக்கி எடுத்து வந்தாள். "வைக்கோல் வைக்கோலாத் தெரியற வரைக்கும் இறக்கினேன்" என்றாள். திரையில் குட்டி கறுப்பாக நின்றது. சுருள் ஒவ்வொன்றும் தெரிந்தது. கீழே வைக்கோல் வைக்கோல் நிறத்தில் இருந்தது. பிரிகோப் நிறையக் கேள்வி கேட்டார், அவள் அதே விளக்கத்தை அவருக்கும் சொன்னாள். கடைசியில், "சரி. கறுப்பு" என்றார். சாஃப்தா ரிசீவரை வைத்துவிட்டு என் மேஜைமேல் தலையைக் கவிழ்த்து அழுதாள். நானும் அழுதேன், எதற்கு மறைக்க.

அன்று மத்தியானம் சம்ஃபீர் வந்தார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கவுண்டருக்கு வெளியிலேயே நின்றார். அவருக்கும் ஒரு கிடாக்குட்டி பிறந்திருந்தது. பதினெட்டு சாம்பல் பெட்டை வைத்திருக்கிறார், பழைய கிடாவைப் பதிவுக்காரர்கள் எப்போதோ கழித்துவிட்டார்கள், இரவல் கிடாவை வைத்துத்தான் காலம் தள்ளினார்.

"ஒரு போட்டோ... சாஃப்தாகிட்ட நீ சொல்லேன்" என்றார்.

"நீங்களே கேளுங்க. பக்கத்து வேலிதானே" என்றேன்.

கேட்டாரா, எப்படிக் கேட்டார் என்று எனக்குத் தெரியாது. ஒரு மணி நேரத்தில் அவள் வந்து, கேமராவை மேஜையில் வைத்து, "இதையும் அனுப்பு. என்ன பேசினேன்னு கேக்காத" என்றாள். படம் போனது. பிரிகோப் அன்றைக்கு நாற்பது ஊர்ப் படம் பார்த்துக் களைத்திருந்தார். "இதுவும் கறுப்பு" என்று சுருக்கமாகச் சொல்லி வைத்துவிட்டார். சம்ஃபீர் சாயங்காலம் எனக்கு ஒரு பாட்டில் பிளம் சாராயம் கொண்டுவந்து வைத்தார். நான் நன்றி சொல்லவில்லை, ஆனால் திருப்பியும் கொடுக்கவில்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்குச் சாஃப்தா எனக்கு ஆட்டுப் பாலாடைக்கட்டி கொண்டுவந்தாள். தோவாதருக்கு அனுப்பக் குட்டியின் படத்தை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றாள். திறந்தேன். பக்கத்திலேயே சம்ஃபீரின் குட்டி படமும் திறந்தது. அவள் குனிந்து திரையை உற்றுப் பார்த்தாள்.

"அவர் வைக்கோல் ஏன் இப்படிக் கறுத்துக் கிடக்கு?"

"நனைஞ்சிருக்கும். அந்த ஆள் கொட்டகை அப்படித்தான்."

"நனையல. நான் அதுலதான் மண்டி போட்டேன். அவர் கையப் பாரு, புகை படிஞ்ச மாதிரி."

கேமராவைப் பையிலிருந்து எடுத்து உயிர்ப்பித்தாள். திரையின் மூலையில் ஒரு சின்னக் கழித்தல் குறி அப்படியே நின்றது. இரண்டு தடவை அணைத்து அணைத்து எழுப்பினாள். அது போகவில்லை. அவள் இறக்கி வைத்த இடத்தை அது மறக்கவே இல்லை. மைனஸில்தான் சம்ஃபீரின் குட்டியை எடுத்திருக்கிறாள்.

"அது சாம்பல்க்கா" என்றாள். "அந்த இருட்டுக் கொட்டகையில எனக்கும் தெரியல. நான் கறுப்பாக்கிட்டேன்."

நான் அப்போது சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. "விடு" என்றேன். "உன் குட்டி ஏறியாச்சு. மூணு வருஷம் முன்னாடி அந்த ஆள் உனக்கு என்ன செஞ்சார்னு மறந்துட்டியா? இப்ப அவர் முறை. நீ தெரிஞ்சா செஞ்ச?"

"இப்பத் தெரிஞ்சுடுச்சே."

"சொன்னா பிரிகோப் உன் படத்தையும் நம்ப மாட்டார். ரெண்டு மணிக்கு வேன் வருது. உன் குட்டியும் தொப்பிக்குத்தான் போகும்."

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். சுவர்க் கடிகாரத்தில் பத்தேகால். அந்தப் பதினோரு குட்டிகளையும் அவள் ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிப் புதைத்ததை நான் பார்த்திருக்கிறேன். அவள் அதைத்தான் நினைத்தாளா, தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, "போன் போடு" என்றாள்.

போட்டேன். அவள் நடந்ததை அப்படியே சொன்னாள். ஒன்றையும் விடவில்லை, மழுப்பவும் இல்லை.

"அப்ப அந்தக் கேமராவுல வந்த எதையும் நான் நம்ப முடியாது" என்றார் பிரிகோப். "நீ பட்டன அழுத்தினா கறுக்குது, விட்டா வெளுக்குது. ரெண்டு குட்டியையும் பதிவுலேர்ந்து அடிச்சிடறேன்."

"அடிங்க சார். அதுக்கு முன்னால ஒண்ணு கேளுங்க. ரெண்டு குட்டியையும் ஒரே படத்துல வெச்சு அனுப்பறேன். ஒரே வெளிச்சம், ஒரே வைக்கோல். நான் ஏமாத்தினா ரெண்டும் சேர்ந்துதான் கறுக்கும். ஒண்ண மட்டும் கறுப்பாக்க எந்தப் பட்டனும் கிடையாது சார்."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. அப்புறம், "பன்னெண்டு மணி. ஒரு நிமிஷம் பொறுக்க மாட்டேன்" என்றார்.

ஆபீஸைப் பூட்டிவிட்டு நானும் கூடப் போனேன். வேலை நேரத்தில் நான் பூட்டியது அந்த ஒரு நாள்தான். சம்ஃபீர் வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் மண்வெட்டியை ஊன்றி நின்றார். அவர் குட்டியைத் தரமாட்டேன் என்றால் எல்லாம் முடிந்தது. அது அவர் குட்டி, அவர் கொட்டகை, பதிவில் இன்னும் கறுப்பு என்றுதான் இருக்கிறது. தன் குட்டியைத் தானே காட்டிக்கொடுக்க யார் வருவார்கள் என்று நான் நினைத்தேன்.

"சம்ஃபீர் அண்ணே" என்றாள் சாஃப்தா. மூன்று வருஷத்துக்கு அப்புறம் அவள் வாயிலிருந்து அந்தப் பேர் வந்ததை நான் கேட்டேன். "உங்க குட்டி கறுப்பு இல்ல. தப்பு என்னோடது. கேமராவ மாத்தாம எடுத்துட்டேன்."

"நேத்துக் கறுப்புன்னாரே."

"படத்துல கறுப்பு. அந்தப் படத்த நம்பி அக்டோபர்ல உங்க பெட்டைங்களோட விட்டீங்கன்னா, அடுத்த கோடையில குழி நீங்கதான் வெட்டணும்."

அவர் பனியையே பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "மணி பதினொண்ணு ஆகுது. குட்டியக் கொண்டாங்க, இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. சாஃப்தாவைப் பார்த்துத்தான் சொன்னார். "காதுக்குப் பின்னால வெள்ளை முடி இருந்தா சாம்பல், அதைப் பாக்கறது வழக்கம். இந்தக் குட்டிக்கு நான் பாக்கல. பார்த்தாத் தெரிஞ்சுடும்னுதான் பாக்கல." கொஞ்சம் நிறுத்தி, "அன்னைக்கும் அப்படித்தான்மா. அந்தக் கிடாவுக்கும் நான் பாக்கல" என்றார்.

சாஃப்தாவின் கை கேமராவை இறுக்கியது. அவள் எதையாவது சொல்லித் தீர்ப்பாள் என்று காத்திருந்தேன். அவளுக்குச் சொல்ல இருந்தது மூன்று வருஷத்துப் பேச்சு. "குட்டியத் தூக்கிட்டு வாங்க அண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

அவள் கொட்டகையில் கதவோரம் வெளிச்சம் விழுகிற இடத்தில் புது வைக்கோல் பரப்பினாள். சம்ஃபீர் மண்டியிட்டு இரண்டு குட்டிகளையும் இரண்டு கையால் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். அவர் தலையில் பெரிய கறுப்புத் தொப்பி. "அதைக் கழட்டுங்க, கேமரா அதையும் பாத்துக் குழம்பும்" என்றாள். கழற்றித் தூரப் போட்டார். வழுக்கைத் தலையில் குளிர் அடித்தது, அவர் அசையவில்லை. குட்டிகள்தான் அசைந்தன. முதல் படத்தில் வைக்கோல் இருட்டு. ஒரு புள்ளி ஏற்றினாள். இன்னும் இருட்டு. இன்னொரு புள்ளி. அவருடைய குட்டி தலையைத் திருப்பி அவர் கட்டைவிரலைச் சப்ப ஆரம்பித்தது. நான் அந்தப் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

நாலாவது படத்தில் வைக்கோல் வைக்கோலாக இருந்தது. பெரிய திரை தேவைப்படவே இல்லை. உள்ளங்கை அகலத் திரையிலேயே தெரிந்தது. ஒன்று கரி, மற்றது உறைபனி. சாஃப்தா அதை அவருக்குக் காட்டினாள். அவர் கண்ணாடி போடாமலே பார்த்துத் தலையாட்டினார்.

பன்னிரண்டுக்கு ஏழு நிமிஷம் இருக்கையில் படம் போனது. மூன்று பேரும் ஆபீஸில் இருந்தோம். இரண்டு பேர் கோட்டுக்குள்ளும் ஒவ்வொரு குட்டி.

"இடது பக்கம் கறுப்பு" என்றார் பிரிகோப். "வலது பக்கம் சாம்பல். நேத்தே வைக்கோலை நான் பாத்திருக்கணும். அவகிட்ட சொல்லு."

சொன்னேன். யார் எந்தப் பக்கம் என்று யாருக்கும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சம்ஃபீர், "வேன் ரெண்டு மணிக்குத்தானே?" என்றார். ஆமாம் என்றேன். வீட்டுக்குப் போவார் என்று நினைத்தேன். அவர் கோட்டுப் பொத்தானை ஒன்று கழற்றிக் குட்டிக்குக் காற்று விட்டுவிட்டு அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்தார். சாஃப்தா போயிருக்கலாம், அவளுக்குப் பால் கறக்கிற வேலை கிடந்தது. அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு மணிக்கு அடுப்பில் விறகு போட்டு, அவர் கொடுத்த அந்தப் பிளம் சாராயத்தையே மூன்று சின்னக் கிளாஸில் ஊற்றி வைத்தேன். குடித்தார்கள். பேசவில்லை.

ஒன்றே முக்காலுக்குச் சாஃப்தா, "அக்டோபர்ல என் கிடாவ முதல் மூணு வாரம் உங்க கொட்டகையில விடறேன். அப்புறந்தான் எனக்கு" என்றாள்.

சம்ஃபீர் கோட்டுக்குள் குனிந்து குட்டியைப் பார்த்துக்கொண்டே, "காதுக்குப் பின்னால நான் பாத்துத்தான் எடுத்துக்குவேன்" என்றார்.

சாஃப்தா சிரித்துவிட்டாள். சிரித்தபடியே அவளுக்குக் கண்ணீர் வந்தது. வெளியே வேனின் ஹாரன் கேட்டது. அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்தார்.